இரண்டு நிமிட நாயகர்கள்

'நீங்கள் வியக்கும் ஒரு படைப்பாற்றல் மிக்கவரைப் பற்றிப் பேசுங்கள்' என்கிறது வெளிநாடு போகிறவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு. பலர் பேசுவது கோச்சிங் சென்டர் எழுதிக் கொடுத்த நாயகனைப் பற்றி. தான் உண்மையில் வியந்தவரைச் சொல்லாமலே அரை மார்க்கில் கோட்டைவிட்ட ஒரு நர்ஸின் கதை இது.

சிறிய அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலிகள், நடுவே ஓர் ஒலிப்பதிவுக் கருவி. எதிரே இருப்பவர் ஓர் அட்டையை நீட்டுகிறார். கூடவே ஒரு தாள், ஒரு பென்சில். நீங்கள் வியக்கும் படைப்பாற்றல் மிக்க ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறது அட்டை. அவர் யார், அவரை எப்படித் தெரியும், என்னவெல்லாம் செய்திருக்கிறார், ஏன் அவரை வியக்கிறீர்கள் என்று நான்கு குறிப்புகள். யோசிக்க ஒரு நிமிடம். பேச இரண்டு நிமிடம்.

டில்லியில் ஒரு தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் ஆறு வருடமாக நர்ஸாக இருக்கும் அந்த 28 வயதுப் பெண்ணுக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. விடை கைவசம் இருந்தது. ஏ.ஆர். ரஹ்மான். 1992-ல் 'ரோஜா'. 2009-ல் இரண்டு ஆஸ்கர் விருதுகள். எளிமை, பணிவு, உலகப் புகழ். கோச்சிங் சென்டரில் கொடுத்த தாளில் இருந்த வரிகளை அதே வரிசையில், தங்கு தடையின்றி ஒப்பித்து முடித்தார்.

எதிரே இருந்தவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: அவருடைய இசையை நீங்கள் எப்போது கேட்பீர்கள்?

தாளில் அது இல்லை.

"அப்பத்தான் மாமா தடுமாறிட்டேன். டியூட்டி முடிஞ்சு பஸ்ல வர்றப்ப கேட்பேன்னு சொல்ல வந்தேன். பஸ்லன்னு சொன்னா அவருக்கு மரியாதைக் குறைவா இருக்குமோன்னு ஒரு யோசனை. யோசிச்சதுல இங்கிலீஷே வரல."

மாமா என்று அவள் அழைப்பது என்னைத்தான். அக்கா மகள். தேர்வு முடிந்த மறுநாள் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றபடி அவள் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். சில நாட்களில் முடிவு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. படிப்பதில் 7.5, கேட்டுப் புரிந்துகொள்வதில் 8, எழுத்தில் 7. பேச்சில் மட்டும் 6.5. தேவைப்பட்டது 7.

அரை மார்க்கின் விலை

ஐஇஎல்டிஎஸ் - பேச்சு வழக்கில் 'ஐயெல்ட்ஸ்' - 1989-ல் தொடங்கிய தேர்வு. பிரிட்டிஷ் கவுன்சில், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஐடிபி, கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்று அமைப்புகளும் இதன் கூட்டு உரிமையாளர்கள். பிரிட்டிஷ் கவுன்சில் இந்தியாவில் நடத்தி வந்த தேர்வுப் பணியை ஐடிபி 2021-ல் வாங்கிக்கொண்டது. வெளிநாட்டில் படிக்கப் போகும் மாணவன், குடியேற விரும்பும் இன்ஜினீயர், வேலைக்குப் போகும் நர்ஸ் என்று பல தரப்பினரும் கடக்க வேண்டிய வாசல் இது.

பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்துகொள்ள, அங்குள்ள நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் இந்தத் தேர்வில் படிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7 கேட்கிறது. எழுத்துக்கு மட்டும் 2018 இறுதியில் 6.5 ஆகத் தளர்த்தியது. பேச்சுக்குத் தளர்வு இல்லை. சில நிபந்தனைகளுடன் இரண்டு தேர்வுகளின் மார்க்கைச் சேர்த்துக் காட்டலாம் என்பது ஒரு சிறிய ஆறுதல்.

ஆறுதலுக்கும் விலை உண்டு. தேர்வுக் கட்டணம் 17 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. இதை இன்னொரு எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவை அடுத்து மத்திய அரசு அமைத்த ஒரு குழு, மிகச் சிறிய தனியார் மருத்துவமனையிலும் நர்ஸின் மாதச் சம்பளம் 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-ல் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை எட்டாத இடங்கள் இன்னும் உண்டு. ஆக, அரை மார்க் என்பது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். அக்கா வீட்டில் நர்ஸிங் படிப்புக்கு வாங்கிய கடன் பாக்கி வேறு இருந்தது. "இன்னொரு தடவை எழுதுறதா, விட்டுடுறதா?" என்பதுதான் அன்று அவள் முன் இருந்த கேள்வி.

பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். மூன்று கட்டங்கள். முதலில் ஊர், வேலை, பொழுதுபோக்கு என்று சில்லறைக் கேள்விகள். அடுத்தது அட்டை. மூன்றாவது, அட்டையில் இருந்த விஷயத்தை ஒட்டிய விவாதம்: படைப்பாற்றலைப் பள்ளிக்கூடத்தில் கற்றுத் தர முடியுமா, கலைஞர்களுக்கு அரசு உதவ வேண்டுமா என்பது போல.

மார்க் நான்கு அம்சங்களுக்குச் சம அளவில் பிரிகிறது. தடையின்றிக் கோர்வையாகப் பேசுகிறாரா? சொல்வளம் எப்படி? இலக்கணம் பலவிதமாகவும் பிழையின்றியும் வருகிறதா? உச்சரிப்பு புரிகிறதா? அவ்வளவுதான். நீங்கள் யாரை வியக்கிறீர்கள் என்பதற்கு மார்க் இல்லை. ஆஸ்கர் வாங்கியவரைச் சொன்னால் கூடுதல் மார்க் இல்லை. அடுத்த வீட்டுக்காரரைச் சொன்னால் குறைவும் இல்லை. சொன்னது நிஜமா என்று யாரும் விசாரிக்கப் போவதும் இல்லை.

கோச்சிங் சென்டரில் மாதக்கணக்கில் உட்கார்ந்த அக்கா மகளுக்கு இது புதுச் செய்தியாக இருந்தது.

வாடகை நாயகர்கள்

பஞ்சாபின் ஜலந்தர், லூதியானா பக்கம் போனவர்களுக்கு அந்தப் போர்டுகள் பழக்கம். விமானத்தின் படம், கனடாவின் கொடி, கோட்டு அணிந்து சிரிக்கும் இளைஞர்கள், பெரிய எழுத்தில் மார்க். சிறிய ஊர்களில்கூட பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு சென்டராவது இருக்கும். 2023 டிசம்பரில் ஷாருக்கான் நடித்து வெளிவந்த 'டங்கி' படத்தில் பஞ்சாப் இளைஞர்கள் லண்டன் கனவோடு ஆங்கில வகுப்பில் படும் பாடு கதையின் முக்கியப் பகுதி. மிகைதான், ஆனால் பஞ்சாபில் யாருக்கும் அது அன்னியமாகப் படவில்லை. மாணவர் விசாவை விரைவாகத் தர கனடா வைத்திருந்த தனித் திட்டம் 2024 நவம்பரில் நிறுத்தப்பட்ட பிறகு அந்தப் போர்டுகளில் கொடிகள் மாறத் தொடங்கின. பாடம் நடத்தும் முறை மாறவில்லை.

அந்த முறை எளிமையானது. தேர்வு முடிந்து வெளியே வருகிறவர்களிடம் என்ன கேள்வி வந்தது என்று கேட்டுக்கொள்வார்கள். நான்கு மாதங்களுக்கு ஒருமுறை கேள்விகள் மாறுகின்றன என்பது கோச்சிங் வட்டாரத்தின் நம்பிக்கை. அதற்கேற்ப வாட்ஸ்அப்பில் புதுப்புதுப் பட்டியல்கள் சுற்றும். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு மாதிரி விடை. படைப்பாளி என்றால் ரஹ்மான், அல்லது ஸ்டீவ் ஜாப்ஸ். விளையாட்டு வீரர் என்றால் சச்சின். ஒரே நாளில் ஒரே ஊரில் ஒரே வாக்கியங்களைப் பலர் வாயிலிருந்தும் கேட்க நேரும் தேர்வாளரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

மனப்பாடத்தை அடையாளம் காண அவர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. அந்தப் பயிற்சி இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். ஒப்பிக்கும்போது குரல் ஏற்ற இறக்கமின்றி ஓடும். கண் எதிரே இருப்பவரைப் பார்க்காது. 'உலகப் புகழ் வாய்ந்த' என்பதற்கு மிக உயர்ந்த ஆங்கிலம் வரும். அடுத்த கேள்விக்கு ஐந்து வார்த்தை வராது. இரண்டு பேர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

ரஹ்மானைச் சொன்னது தவறே அல்ல. கீபோர்டில் அவர் பாட்டை வாசித்துப் பார்த்து, ஓரிடத்தில் விரல் சிக்கி, மறுபடி மறுபடி வாசித்த ஒருவர் அவரைப் பற்றி இருபது நிமிடம் பேசுவார். நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவே சொந்த அனுபவம் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அக்கா மகளுக்கு இருந்தது பஸ் பயணம். அதைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். மரியாதை தடுத்துவிட்டது.

ஒரு சொல் செய்த வேலை

"சரிம்மா, கோச்சிங்கை விடு. நீ நிஜமா யாரைப் பார்த்து ஆச்சரியப்படுறே?" என்று கேட்டேன்.

"தெரியல மாமா. நமக்குத் தெரிஞ்சவங்கள்ல அப்படி யார் இருக்கா? கதை, கவிதை எழுதுறவங்க யாரையும் எனக்குத் தெரியாதே."

மொழிபெயர்ப்பை வயிற்றுப் பிழைப்பாகக் கொண்டவனுக்கு இந்த இடத்தில் ஒரு பொறி தட்டியது. அட்டையில் இருந்த ஆங்கிலச் சொல் 'க்ரியேட்டிவ்'. அவள் மனம் அதைப் 'படைப்பாளி' என்று மாற்றிக்கொண்டது. நானும் ஆயிரம் முறை அப்படித்தான் மொழிபெயர்த்திருக்கிறேன். ஆனால் தமிழில் படைப்பாளி என்றதும் மேடையும் மாலையும் நினைவுக்கு வருகின்றன. அவர் கவிஞர், நாவலாசிரியர், சினிமா டைரக்டர். ஹிந்தியில் 'ரச்னாகார்' என்றாலும் இதே கதைதான். எழுதுகிறவர்தான் கண் முன் வருவார்.

ஆங்கிலச் சொல் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. சமையல்காரர், தையல்காரர், குழந்தைக்குக் கணக்கைக் கதையாக்கிச் சொல்லும் டீச்சர் எல்லோரும் அதில் அடங்குவார்கள். அவர்களுக்கு நம்மிடம் வேறு சொற்கள்: கைவேலைக்காரர், சாமர்த்தியசாலி. வட இந்தியாவில் 'ஜுகாட்' என்பார்கள். இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது என்று பொருள். பாராட்டுத்தான், ஆனால் கொஞ்சம் கேலியும் கலந்த பாராட்டு. ஜுகாட்காரரைப் படைப்பாளி என்று யாரும் மேடையேற்றுவதில்லை.

கேள்வியை மாற்றினேன். "ஒண்ணுமில்லாததை வெச்சு ஏதாவது செய்யற ஆள் யாராவது உன் வார்டுல உண்டா?"

"அட, சாச்சா இருக்காரே!" என்றாள். முகமே மாறிவிட்டது.

டிரிப்ஸ் குழாயில் மீன்

சாச்சா அந்த வார்டின் அட்டெண்டர். பிகார்க்காரர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, ஆக்ஸிஜன் சிலிண்டரை இடம் மாற்றுவது, லேபுக்கு ரத்தம் கொண்டுபோவது அவர் வேலை. தேதி முடிந்து, பயன்படுத்தாமலே கழித்துக்கட்டப்படும் டிரிப்ஸ் குழாய்களை ஹெட் நர்ஸிடம் சொல்லிவிட்டு எடுத்து வைத்துக்கொள்வார். நைட் டியூட்டியில் வார்டு அடங்கிய பிறகு அந்தக் குழாயைப் பிளேடால் நீளவாட்டில் கீறி, நாடா போலாக்கிப் பின்ன ஆரம்பிப்பார். அரை மணியில் ஒரு மீன். தலை, செதில், வால் எல்லாம் உண்டு.

மீனை டிரிப்ஸ் ஸ்டாண்டில் கட்டித் தொங்கவிடுவார். ஊசிக்குப் பயந்து கை கொடுக்காத குழந்தையிடம் வந்து நிற்பார். "இதுக்கு இன்னும் பேர் வெக்கலையே, நீ ஒரு பேர் சொல்லு" என்பார். குழந்தை யோசிக்கும். ஒரு பேர் சொல்லும். அதைப் பிளாஸ்திரியில் எழுதி மீனின் வயிற்றில் ஒட்டுவார். அதற்குள் நர்ஸ் கையில் ஊசியை ஏற்றியிருப்பார்.

"ஆறு வருஷத்துல எத்தனை குழந்தைங்க மாமா! ஒரு பையன் தன் மீனுக்கு என் பேரையே வெச்சான். அவன் டிஸ்சார்ஜ் ஆகிப் போறப்ப மீனை விட்டுட்டுப் போயிட்டான்னு திரும்ப வந்து எடுத்துட்டுப் போனாங்க."

பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினாள். முடித்ததும் நான் சொன்னேன்: "இதைத்தாம்மா அந்த அட்டை கேட்டுச்சு."

நம்ப மறுத்தாள். "வார்டு அட்டெண்டரைப் பத்திச் சொன்னா எப்படி மாமா? அவர் படிச்சவர்கூட இல்ல. அவார்டு எதுவும் கிடையாது."

ரோடு இன்ஸ்பெக்டரின் ரகசியம்

அவளுக்கு நான் சொன்ன பதில், நேக் சந்த் என்கிற ரோடு இன்ஸ்பெக்டரின் கதை.

1924-ல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஒரு கிராமத்தில் பிறந்தவர் நேக் சந்த். பிரிவினையில் குடும்பத்தோடு இந்தியா வந்தார். பிரெஞ்சு-சுவிஸ் கட்டடக் கலைஞர் லே கொர்பூசியேயின் திட்டப்படி சண்டிகர் என்ற புது நகரம் எழுந்துகொண்டிருந்த நேரம். அங்கே பொதுப்பணித் துறையில் வேலை கிடைத்தது. புது நகரத்துக்காகப் பழைய கிராமங்கள் இடிக்கப்பட்டன. உடைந்த பீங்கான், வளையல் துண்டு, ஓடு, சைக்கிள் பாகம், ஆற்றங்கரைக் கற்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கி வந்து, சுக்னா ஏரி அருகே யாரும் எதுவும் கட்டக் கூடாத ஒரு காட்டுப் பள்ளத்தில் சேர்த்தார். 1950-களின் இறுதியிலிருந்து வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் அங்கேதான். மனிதர்கள், விலங்குகள், பறவைகள் என்று வரிசை வரிசையாகச் சிலைகள். சுமார் 18 வருடம் ரகசியமாக நடந்தது.

1970-களில் அதிகாரிகள் கண்ணில் பட்டபோது அது சட்டப்படி ஆக்கிரமிப்பு. இடித்துத் தள்ளியிருக்க முடியும். பொதுமக்களின் ஆதரவு காப்பாற்றியது. 1976-ல் 'ராக் கார்டன்' என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வேலையைத் தொடர அவருக்கு அரசு சம்பளமும் ஆட்களும் கொடுத்தது. 1984-ல் பத்மஸ்ரீ. 2015-ல் காலமானார்.

பத்மஸ்ரீ வந்தபோது அவர் படைப்பாளி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த 18 வருடமும் அவர் யார்? சைக்கிளில் கல் ஏற்றிக்கொண்டு போகும் ஒரு ரோடு இன்ஸ்பெக்டர். அந்த நாட்களில் அவருடைய நண்பர் ஒருவர் இந்தத் தேர்வுக்குப் போயிருந்தால், நேக் சந்தைப் பற்றிச் சொல்லியிருப்பாரா? இவளைப் போலவே, "அவார்டு எதுவும் இல்லையே" என்று தயங்கியிருப்பார். இதே சண்டிகரில், ராக் கார்டனிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், செக்டார் 34-ன் கோச்சிங் சென்டர்களில் இன்றைக்கும் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அப்ப சாச்சாவைச் சொல்லலாமா?" என்றாள் அரை மனதோடு.

"சாச்சாவைச் சொல்லலாம். ஆனா பத்து நிமிஷம் இல்ல. ரெண்டு நிமிஷம். அதுவும் இங்கிலீஷ்ல."

ஹேண்ட் ஓவர்

இரண்டு நிமிடத்துக்குள் எப்படி அடக்குவது? வழி அவளிடமே இருந்தது.

ஷிஃப்ட் மாறும்போது போகிற நர்ஸ் வருகிற நர்ஸிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஹேண்ட் ஓவர் என்பார்கள். அதற்கு உலகமெங்கும் ஒரு வரிசை புழக்கத்தில் இருக்கிறது. இப்போது நிலைமை என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, இனி என்ன செய்ய வேண்டும். நான்கே படி. படுக்கைக்கு ஒன்றிரண்டு நிமிடம். அவள் வேலை செய்யும் மருத்துவமனையில் கேரளம், மணிப்பூர், பஞ்சாப் என்று பல மாநில நர்ஸ்கள் இருப்பதால் இது ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. எழுதி வைத்துப் படிப்பதில்லை. நடுவில் எதிராளி கேள்வி கேட்டால் தடுமாறுவதும் இல்லை.

அட்டையின் நான்கு குறிப்புகளை இதற்குப் பக்கத்தில் வைத்தால் விஷயம் விளங்கிவிடும். அவர் யார்? எப்படித் தெரியும்? என்ன செய்கிறார்? ஏன் வியக்கிறீர்கள்? இவள் ஆறு வருடமாக ஒவ்வொரு நாளும் முன்பின் தயாரிப்பில்லாமல் இந்தத் தேர்வை எழுதிக்கொண்டிருக்கிறாள். நர்ஸுக்கும் படைப்பாளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேலி செய்யத் தோன்றும் அந்த அட்டை, ஒரு மனிதரைப் பற்றி இன்னொருவருக்குச் சுருக்கமாக, புரியும்படி சொல்ல முடிகிறதா என்றுதான் பார்க்கிறது. நள்ளிரவில் டாக்டரை போனில் எழுப்பும் நர்ஸுக்கு அந்தத் திறன் வேண்டும்தானே?

அன்று முதல் எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் ஹேண்ட் ஓவர் நடந்தது. ஒரு நிமிடத்தில் தாளில் அவள் எழுதிக்கொள்வது ஆறேழு சொற்கள் மட்டுமே: குழாய், பிளேடு, மீன், பேர், ஊசி, டிஸ்சார்ஜ். முழு வாக்கியம் எழுதத் தடை. எழுதினால் கண் தாளுக்குப் போய்விடும். பேச்சு மறுபடி ஒப்பித்தலாகிவிடும்.

பிழைகள் வந்தன. 'ஐ ஆம் நோயிங் ஹிம் சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்' என்றாள். 'எனக்கு அவரை ஆறு வருஷமாகத் தெரியும்' என்ற தமிழ் வாக்கியத்துக்கு ஆங்கிலச் சட்டை போட்டது இது. 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்' என்று திருத்தினோம். 'எ', 'தி' இரண்டும் தமிழில் இல்லாததால் பாதி இடங்களில் காணாமல் போயின. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹிந்தியில் பிரதிப்பெயருக்கு ஆண்-பெண் பேதம் இல்லை; ஆகவே அவளுடைய டில்லித் தோழிகள் ஆங்கிலத்தில் 'ஹீ', 'ஷீ' இரண்டையும் மாற்றிப் போட்டுத் தவிப்பார்கள். ஒவ்வொரு தாய்மொழியும் ஒரு பள்ளத்தை வெட்டி வைத்திருக்கிறது. எங்கே என்று தெரிந்தால் தாண்டிவிடலாம்.

உச்சரிப்பைப் பற்றி அவளுக்கு இருந்த பயமும் தேவையற்றது. லண்டன்காரரைப் போலப் பேச வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தமிழ் வாடை வீசலாம். சொல் புரிய வேண்டும். 'ஜூ' 'சூ' ஆகிவிடக் கூடாது, 'பஸ்' 'பஸ்ஸு' ஆகிவிடக் கூடாது. அழுத்தம் சரியான இடத்தில் விழ வேண்டும்.

ஒரு மாற்றத்தை நானே கவனித்தேன். ரஹ்மானைப் பற்றி அவள் பேசியபோது எல்லா வாக்கியமும் ஒரே அச்சில் வந்தன: அவர் சிறந்தவர், அவர் எளிமையானவர், அவர் புகழ்பெற்றவர். சாச்சாவைப் பற்றிப் பேசும்போது இறந்தகாலம் வந்தது, நிகழ்காலம் வந்தது, 'அவர் மட்டும் இல்லாவிட்டால்' என்ற நிபந்தனை வாக்கியம்கூடத் தானாக வந்தது. தேர்வாளர் இலக்கணத்தில் தேடும் 'பலவிதம்' இதுதான். சொல்வதற்கு நிஜமான விஷயம் இருந்தால் இலக்கணம் அதைத் தாங்க வந்து நிற்கிறது. பொய் சொன்னால் மார்க் குறையாது என்பது உண்மை. ஆனால் பொய்யில் விவரம் இருக்காது. பிளாஸ்திரியில் பேர் எழுதி ஒட்டும் விவரத்தை உட்கார்ந்து கற்பனை செய்ய ஒரு நிமிடம் போதாது.

இன்னோர் அட்டை

மறுபடி பணம் கட்டினாள். இரண்டு மாதம் கழித்துத் தேர்வு. வெளியே காத்திருந்தேன். வந்தவள் முகத்தில் சிரிப்பும் ஏமாற்றமும் கலந்திருந்தன.

"சாச்சா வரலை மாமா."

அட்டையில் வந்தது வேறு விஷயம். யாருக்காவது உதவி செய்த ஓர் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். பழைய வழியில் போயிருந்தால் அங்கேயே இடிந்துபோயிருப்பாள். இம்முறை தாளில் ஆறு சொற்களை எழுதிக்கொண்டு ஹேண்ட் ஓவரை ஆரம்பித்திருக்கிறாள். கை கொடுக்க மறுத்த ஒரு சிறுவன், மூன்று முறை தோற்ற ஊசி, வெளியே அழுதுகொண்டு நின்ற தாய். "ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னு அவங்க நிறுத்தினப்பத்தான் நான் இன்னும் பேசிட்டிருக்கேன்னே தெரிஞ்சுது" என்றாள். நேரம் முடிந்து நிறுத்தப்படுவது குறை அல்ல, அது ஏற்பாடு.

"அப்ப சாச்சா வரவே இல்லையா?"

"வந்தார். நடுவுல மூணு வரி. மீன் இல்லாம அந்தப் பையன் எப்படி கை கொடுப்பான்?"

பேச்சில் 7 வந்தது. மற்றவற்றிலும் குறைவில்லை. இதைக் கேட்டு அவளுடன் வேலை பார்க்கும் இரண்டு பேர் தங்கள் மாதிரி விடைத்தாள்களைக் கிழித்துப் போட்டார்கள் என்று எழுதினால் கதை அழகாக முடியும். அப்படியெல்லாம் நடக்கவில்லை. ஒருத்தி மட்டும், தன் ஊரில் பழைய புடவைகளில் மெத்தை தைக்கும் பாட்டியைப் பற்றிப் பேசலாமா என்று போனில் கேட்டாள். தாராளமாகப் பேசலாம் என்றேன்.

விசா வேலைகள் நடக்கின்றன. கடனை இரண்டு வருடத்தில் அடைத்துவிடலாம் என்று அக்கா கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். போவதற்குள் ஒரு வேலை பாக்கி என்கிறாள் மகள். நைட் டியூட்டியில் சாச்சா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பின்னக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அங்கேயும் குழந்தைகள் வார்டுதானாம்.

தலை வந்துவிட்டது. செதிலும் சுமாராக வருகிறது. வால்தான் இன்னும் வரவில்லை.